திங்கட்கிழமை காலையில் உறைந்துபோகும் மென்பொருள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெங்களூருவில் மென்பொருள் துறையில் பணிபுரியும் தமிழ் வாசகர்கள் இந்த மாதம் அனுப்பிய கடிதங்களில், புதிதாக ஒன்றை உருவாக்குவது பற்றிக் கேட்டவர்கள் மிகச் சிலர். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை நிற்காமல் ஓடவைப்பது எப்படி என்பதே பெரும்பாலோரின் கவலை. ஒரு நிறுவனத்தின் கொள்முதலும் சம்பளமும் வரிக்கணக்கும் அந்த மென்பொருளை நம்பியே நடக்கின்றன என்பதால், அந்தக் கவலை நியாயமானது. பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளைத் தேர்ந்தெடுத்துப் பதில் தருகிறோம்.

எங்கள் நிறுவனத்தின் கொள்முதல் மென்பொருள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேல் உறைந்துவிடுகிறது. சர்வரின் சிபியு இருபது சதவீதத்தைக்கூடத் தாண்டுவதில்லை. ஆறு சர்வர்களைப் பன்னிரண்டாக்கினோம். நிலைமை மேலும் மோசமானது. காரணம் என்னவாக இருக்கும்?
– வாசகர், ஒயிட்ஃபீல்டு

சிபியு சும்மா இருக்கும்போது மென்பொருள் உறைகிறது என்றால், அது வேலை செய்து களைக்கவில்லை, எதற்காகவோ காத்திருக்கிறது என்று பொருள். எதற்காகக் காத்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் சர்வரைப் பெருக்கினால், காத்திருப்பவர்களின் எண்ணிக்கைதான் பெருகும்.

நீங்கள் ஸ்பிரிங் பூட் (ஜாவா மொழிக்கான நிரல் சட்டகம்), டாம்கேட் (வலைக் கோரிக்கைகளை ஏற்கும் சர்வர் மென்பொருள்), போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்) ஆகியவற்றைப் பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அமைப்புகளை யாரும் மாற்றாமல் விட்டிருந்தால், டாம்கேட் ஒரே நேரத்தில் 200 த்ரெட்களை, அதாவது ஆளுக்கொரு கோரிக்கையைக் கவனிக்கும் வேலைச் சரடுகளை, அனுமதிக்கும். தரவுத்தள இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிகாரி என்ற கனெக்‌ஷன் பூல் பத்து இணைப்புகளை மட்டுமே வைத்திருக்கும். போஸ்ட்கிரெஸ் மொத்தம் 100 இணைப்புகளை ஏற்கும், அவற்றிலும் மூன்று நிர்வாகிக்கென ஒதுக்கப்பட்டவை. ஆறு சர்வர் இருந்தபோது அறுபது இணைப்புகள் தேவைப்பட்டன, அது வரம்புக்குள் இருந்தது. பன்னிரண்டு ஆனதும் நூற்றிருபது தேவைப்படுகின்றன. சர்வரைக் கூட்டியதும் நிலைமை மோசமானதற்கு இந்தப் பெருக்கல் கணக்கே போதுமான விளக்கம். தரவுத்தளத்தின் லாகில் (நிகழ்வுப் பதிவேட்டில்) ‘இணைப்புகள் அளவுக்கு மீறிவிட்டன’ என்ற பொருளில் பிழைச் செய்திகள் நிச்சயம் பதிவாகியிருக்கும், பாருங்கள்.

ஆனால் ஆறு சர்வர் இருந்தபோதே ஏன் உறைந்தது என்பதற்கு இது பதில் அல்ல. கடிதத்தின் இறுதியில் நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கும் ஒரு வரிதான் என் கவனத்தை இழுத்தது: ஒவ்வொரு கொள்முதல் ஆணைக்கும் ஒப்புதல் தரும்போது, விற்பனையாளரின் வரிப்பதிவு எண் சரியானதா என்று வெளியாரின் சேவை ஒன்றிடம் கேட்டுச் சரிபார்க்கிறீர்கள். அந்த அழைப்பு தரவுத்தளப் பரிவர்த்தனை (சேர்ந்தே பதிவாகும் அல்லது சேர்ந்தே ரத்தாகும் மாற்றங்களின் தொகுப்பு) தொடங்கிய பிறகு நடக்கிறதா, அதற்கு முன்பா என்று நிரலைத் திறந்து பாருங்கள். பரிவர்த்தனைக்குள் நடந்தால், வெளியார் பதில் சொல்லும் வரை உங்கள் இணைப்பு ஒன்று யாருக்கும் பயன்படாமல் பிடித்துவைக்கப்பட்டிருக்கும்.

ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய வரிசை விதியை வைத்து இதைக் கணக்கிடலாம். ஒரு கோரிக்கை ஓர் இணைப்பை 50 மில்லி விநாடி வைத்திருந்தால், பத்து இணைப்புகளால் விநாடிக்கு 200 கோரிக்கைகளை முடிக்க முடியும். அதே கோரிக்கை வெளியாரின் பதிலுக்காக 3 விநாடி காத்திருந்தால், விநாடிக்கு மூன்றைத்தான் முடிக்க முடியும். பத்து கவுண்டர் உள்ள ரயில் முன்பதிவு மையத்தில், ஒவ்வொரு ஊழியரும் பயணியைத் தன் எதிரே நிறுத்திவைத்துக்கொண்டு வேறோர் ஊருக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால் வரிசை எப்படி நீளுமோ, அப்படித்தான் இதுவும். வார இறுதியில் தேங்கிய ஒப்புதல்கள் திங்கட்கிழமை காலையில் ஒன்றாகக் குவிகின்றன. உங்களைப் போன்ற பிற நிறுவனங்களும் அதே நேரத்தில் அதே சேவையைத் தட்டுவதால், அதுவும் அப்போதுதான் மெதுவாகிறது.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஜாவாவின் பழைய எச்டிடிபி இணைப்பு வகுப்பில் டைம்-அவுட் (காத்திருப்பின் உச்ச வரம்பு) எதுவும் குறிப்பிடாவிட்டால், அது எல்லையின்றிக் காத்திருக்கும். வெளியாரின் சர்வர் இணைப்பை ஏற்றுக்கொண்டு பதிலே அனுப்பாமல் இருந்தால், உங்கள் த்ரெட் அதோடு முடிந்தது. பூலில் இடம் கிடைக்காத மற்ற கோரிக்கைகள் ஹிகாரியின் இயல்பு வரம்பான 30 விநாடி வரை நிற்கும். அதற்குள் பொறுமை இழந்த பயனர் மீண்டும் பொத்தானை அழுத்துவார். ஒரு கோரிக்கை மூன்றாகும்.

முதலில், அடுத்த திங்கட்கிழமை உறையும் நேரத்தில் பத்து விநாடி இடைவெளியில் மூன்று முறை த்ரெட் டம்ப் (அந்தக் கணத்தில் ஒவ்வொரு த்ரெட்டும் நிரலின் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுங்கள். மூன்றிலும் ஒரே வரியில் நிற்கும் த்ரெட்கள் எத்தனை என்று எண்ணினால், இங்கே நான் ஊகமாகச் சொன்னது உண்மையா என்பது தெரிந்துவிடும். உண்மையானால், சரிபார்ப்பு அழைப்பைப் பரிவர்த்தனைக்கு வெளியே கொண்டுவாருங்கள். இணைப்பதற்கும் பதில் பெறுவதற்கும் தனித்தனியே டைம்-அவுட் வையுங்கள். ஒருமுறை சரிபார்த்த வரிப்பதிவு எண்ணை அன்று முழுவதும் நினைவில் வைத்துக்கொள்ளலாமா என்று கணக்குத் துறையைக் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். தோல்வியுற்ற அழைப்பை மீண்டும் முயல்வதானால், இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டி, அதில் சிறிது தற்செயல் மாறுதலையும் சேர்த்து முயலுங்கள். இல்லாவிட்டால் பன்னிரண்டு சர்வரும் ஒரே நொடியில் மீண்டும் தட்டும். இவை முடிந்த பின்னர், ஆறு சர்வரே போதும் என்று நீங்கள் கண்டால் எனக்கு வியப்பிருக்காது.

ஏப்ரல் முதல் தேதி அதிகாலையில் போட்ட இன்வாய்ஸ்கள் மார்ச் 31ஆம் தேதியில் பதிவாகிவிட்டன. சொந்த சர்வர் அறையிலிருந்து கிளவுடுக்கு மாறிய பிறகே இது நடக்கிறது. மூன்று ஷிப்டு ஓடும் தொழிற்சாலை எங்களுடையது.
– வாசகி, பீன்யா

உங்கள் பழைய சர்வர் இந்திய நேரத்தில் ஓடியது. கிளவுடு சர்வர்களும் கண்டெய்னர்களும் பொதுவாக யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நம் நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது என்பதால், நள்ளிரவு முதல் காலை 5.30 வரை நீங்கள் செய்யும் எல்லாமே அந்த சர்வருக்கு ‘நேற்று’. பகல் ஷிப்டு மட்டும் உள்ள நிறுவனம் இந்தப் பிழையைப் பல ஆண்டுகள் கண்டுகொள்ளாமலே இருந்துவிட முடியும்.

மற்ற நாள்களில் இது ஒரு நாள் பிசகு. ஏப்ரல் முதல் தேதியிலோ நிதியாண்டே மாறிவிடுகிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் மின்-இன்வாய்ஸ் கட்டாயம். அதில் ஒவ்வோர் இன்வாய்ஸுக்கும் தரப்படும் 64 எழுத்து அடையாள எண்ணானது, விற்பனையாளரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, ஆவண எண், நிதியாண்டு ஆகிய நான்கிலிருந்து கணக்கிடப்படுகிறது. நிதியாண்டு தவறினால் அடையாள எண்ணும் தவறானதாகிவிடும். அதை ரத்து செய்ய 24 மணி நேரமே அவகாசம். எனவே இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம்.

இரண்டு வகைத் தகவல்களைப் பிரித்துப் பாருங்கள். ‘பொத்தான் எப்போது அழுத்தப்பட்டது’ என்பது ஒரு கணம்; அதை யூடிசியில் சேமித்து, திரையில் காட்டும்போது இந்திய நேரமாக மாற்றலாம். ‘இன்வாய்ஸ் தேதி’ என்பது கணம் அல்ல. சட்டம் கேட்கும் நாட்காட்டித் தேதி. அதை நேரமில்லாத தேதி வகையாகவே சேமிக்க வேண்டும், இந்திய நேர மண்டலத்தை வெளிப்படையாகக் குறிப்பிட்டே கணக்கிட வேண்டும், சர்வரின் இயல்பு நேரத்தை ஒருபோதும் கேட்கக் கூடாது. பழைய பதிவுகளைத் திருத்தும்போது எல்லா வரிசைகளிலும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிடாதீர்கள்; கிளவுடுக்கு மாறிய நாளுக்கு முந்தையவை ஏற்கெனவே இந்திய நேரத்தில் இருக்கின்றன.

இதே தொகுதியை நிரலாளர்கள் திறக்கும்போது வரி விகிதங்கள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது, விகிதத்தை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தால் எண்ணை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. அதற்கு முன் விற்ற பொருள் பின்னர் திரும்பி வந்தால், கிரெடிட் நோட் பழைய விகிதத்தில்தானே போக வேண்டும்? விகிதத்தை ‘எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை’ என்ற இரு பத்திகளுடன் (நெடுவரிசைகளுடன்) தனி அட்டவணையில் வைத்தால் அந்தச் சிக்கல் எழாது.

2012இல் எழுதப்பட்ட எங்கள் மென்பொருள் இன்னும் ஜாவா 8இல் ஓடுகிறது. எல்லாவற்றையும் மைக்ரோசர்வீஸ்களாக (தனித்தனியே இயங்கும் சிறு சேவைகளாக) மாற்றி எழுத வேண்டும் என்று நிர்வாகம் விரும்புகிறது. எட்டுப் பேர் கொண்ட எங்கள் குழுவுக்கு இது சரியான வழியா?
– வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

சரியான வழி அல்ல என்பதே என் கருத்து. ஆனால் இருந்தபடியே இருப்பதும் சரியல்ல என்பதால், இரண்டையும் விளக்குகிறேன்.

ஜாவா 8 வெளிவந்தது 2014 மார்ச்சில். அதற்கு ஓப்பன்ஜேடிகே (ஜாவாவின் திறந்தமூல வடிவம்) அடிப்படையிலான பதிப்புகளில் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைத்துவந்திருக்கின்றன. ஆகவே மொழியைவிட, அதைச் சுற்றி நிற்கும் நூலகங்களே (பிறர் எழுதிய ஆயத்த நிரல்தொகுப்புகளே) பெரிய கவலை. 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3க்குக் குறைந்தது ஜாவா 17 தேவை. அதற்கு முந்தைய 2.7 வரிசைக்கான இலவச ஆதரவு 2023 நவம்பரில் முடிந்துவிட்டது. அதன் பிறகு அந்த வரிசையில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், பணம் கட்டி ஆதரவு பெறாதவர்களுக்குத் திருத்தம் தானாக வந்துசேராது.

அப்படி ஓர் ஓட்டை எவ்வளவு தூரம் போகும் என்பதை 2021 டிசம்பரில் பார்த்தோம். லாக்4ஜே என்ற நூலகம், லாகில் எழுத வரும் வாசகத்திலேயே ஒரு முகவரி இருந்தால் அங்கு சென்று நிரலைக் கொண்டுவந்து இயக்கிவிடும் என்று தெரியவந்தது. தீவிர அளவுகோலில் பத்துக்குப் பத்து பெற்ற ஓட்டை அது. 2.14.1 வரையிலான இரண்டாம் வரிசைப் பதிப்புகள் பாதிக்கப்பட்டன. அந்த வாரம் பல நிறுவனங்களால் பதில் சொல்ல முடியாத கேள்வி ‘எப்படித் திருத்துவது’ என்பதல்ல. ‘நம்மிடம் அது எங்கெல்லாம் இருக்கிறது’ என்பதுதான். திருத்தம் வெளிவந்தும் போடாமல் விடுவதன் விளைவுக்கு ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்தின் 2017 நிகழ்வு சான்று: அது பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற நூலகத்தின் ஓட்டைக்கு மார்ச்சிலேயே திருத்தம் வந்திருந்தது, மே மாதம் ஊடுருவியவர்கள் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் தகவல்களை எடுத்துச் சென்றார்கள்.

ஆகவே மேம்படுத்தத்தான் வேண்டும். ஆனால் மேம்படுத்துவதும் திருப்பி எழுதுவதும் வேறு வேறு. பல ஆண்டுகள் ஓடிய நிரலில், எந்த ஆவணத்திலும் இல்லாத நூற்றுக்கணக்கான வணிக விதிகள் உறைந்திருக்கும். குறிப்பிட்ட ஒரு விற்பனையாளருக்கு மட்டும் கடன் நாள்களைக் கூட்டிக் கணக்கிடும் நான்கு வரி, ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் இருக்கும். நீக்கினால் அந்த மாத இறுதியில் தெரியும். புதிதாக எழுதும் குழு அந்த விதிகளை ஒவ்வொன்றாகப் புகார்கள் வழியாகத்தான் மீண்டும் கண்டுபிடிக்கும். அந்தக் காலம் முழுவதும் பழையதையும் யாராவது பராமரித்தாக வேண்டும். எட்டுப் பேரில் அவர்கள் யார்?

மைக்ரோசர்வீஸ்கள் ஒரு சிக்கலைத் தீர்க்கின்றன: ஒன்றுக்கொன்று காத்திராமல் பல குழுக்கள் தனித்தனியே வெளியீடு செய்வது. உங்களிடம் இருப்பது ஒரே குழு. அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லாதபோது அதன் விலையை மட்டும் கட்டுவானேன்? இன்று ஒரே தரவுத்தளப் பரிவர்த்தனையில் ஆணையும் இருப்பும் கணக்கும் சேர்ந்து பதிவாகின்றன, அல்லது சேர்ந்து ரத்தாகின்றன. மூன்று சேவைகளாகப் பிரித்தால், ஆணை பதிவாகி இருப்பு குறையாமல் நிற்கும் இடைநிலைகளை நீங்களே எழுதிச் சமாளிக்க வேண்டும். ஒரே நிரலுக்குள் நடந்த அழைப்பு வலையமைப்பு வழியாகப் போகும். அங்கே தாமதமும் தோல்வியும் உண்டு.

நான் பரிந்துரைக்கும் பாதை நீளமானது, ஆனால் ஒவ்வொரு படியிலும் மென்பொருள் பயன்பாட்டில் இருக்கும். முதலில் இப்போதைய நடத்தையை அப்படியே பதிவுசெய்யும் சோதனைகளை எழுதுங்கள். சரியா தவறா என்று தீர்ப்பளிக்காமல், இந்த உள்ளீட்டுக்கு இன்று இந்த விடை வருகிறது என்று மட்டும் பதியுங்கள். சம்பளம், வரி, கடன் வரம்பு என்று பணம் தொடும் இடங்களில் தொடங்குங்கள். அடுத்து, ஸ்பிரிங் பூட் 2.7க்கு வந்து அதிலேயே ஜாவா 17க்கு மாறுங்கள். ஜாவா 11இல் எக்ஸ்எம்எல் கையாளும் ஜாக்ஸ்-பி (JAXB) போன்ற தொகுதிகள் மொழியோடு வருவது நின்றுவிட்டதால் அவற்றைத் தனியே சேர்க்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் நேரடிப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மாத இறுதிக் கணக்கு முடிப்பையாவது கடந்த பிறகே ஸ்பிரிங் பூட் 3க்குப் போங்கள். அங்கேதான் ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கிய தொகுப்புப் பெயர்கள் ‘ஜகார்த்தா’ என்று மாறுகின்றன. ஜாவா ஈஈயை (நிறுவன மென்பொருளுக்கான ஜாவாவை) ஆரக்கிள் நிறுவனம் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்ததன் பின்விளைவு அது. பெயர் மாற்றத்தை ஓப்பன்ரீரைட் போன்ற கருவிகளே பெரும்பாலும் செய்துவிடும். கைவிடப்பட்ட பழைய நூலகங்களுக்கு மாற்றுத் தேடுவதுதான் நாள்களைத் தின்னும். அந்தப் பட்டியலை இன்றே தயாரிக்கத் தொடங்குங்கள்.

உண்மையிலேயே பிரிக்க வேண்டிய பகுதி ஒன்றிரண்டு இருக்கலாம். ஆவணங்களைப் பிடிஎஃப் ஆக்கும் வேலை அப்படிப்பட்டது: நினைவகத்தை விழுங்கும், பரிவர்த்தனையோடு ஒட்டாது. அதை வெளியே எடுங்கள். பழையதைச் சுற்றிப் புதியதை வளர்த்து, அழைப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிவிடும் இந்த முறையை மென்பொருள் வடிவமைப்பு பற்றி எழுதும் மார்ட்டின் ஃபௌலர் 2004இலேயே விவரித்திருக்கிறார். உங்கள் நிர்வாகத்திடம் சொல்ல அது ஓர் ஆதாரம்.

மனிதவள மென்பொருளில் தமிழ்ப் பெயர்களைச் சேமித்தோம். சில பெயர்கள் தேடினால் கிடைப்பதில்லை. வங்கிக்கு அனுப்பும் சம்பளக் கோப்பில் சில பாதியில் வெட்டுப்படுகின்றன. ‘கடைசிப் பெயர்’ கட்டத்தில் எதை நிரப்புவது என்ற புகாரும் ஓயவில்லை.
– வாசகி, கோரமங்கலா

வெட்டுப்படுவதற்குக் காரணம், நீளத்தை எழுத்தாக எண்ணாமல் பைட்டாக எண்ணுவது. ‘மீனாட்சிசுந்தரம்’ என்ற பெயரில் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்பது எழுத்துகள். யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அது பதினாறு குறியீடாகிறது. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் என்பதால் 48 பைட் ஆகிறது. நாற்பது பைட் கொண்ட ஆரக்கிள் தரவுத்தளப் பத்தி அந்தப் பெயரை ஏற்க மறுக்கும். நாற்பது பைட் நீளக் கட்டங்கள் கொண்ட கோப்பை உருவாக்கும் நிரலோ மறுக்காமல் வெட்டும்; அதுவும் ஒரு குறியீட்டின் நடுவிலேயே வெட்டிவிடும். பத்தியின் நீளத்தை எழுத்துக் கணக்கில் அறிவியுங்கள். வங்கிக் கோப்புக்கு ஆங்கில எழுத்திலான பெயரைத் தனிக் கட்டத்தில், ஊழியரிடமே கேட்டு, வங்கிக் கணக்கில் உள்ளபடி வாங்கிவையுங்கள். நிரலே ஒலிபெயர்க்க வேண்டாம்.

தேடலில் கிடைக்காததற்குக் காரணம் வேறு. ‘கோமதி’யின் முதலெழுத்தை இரண்டு வகையில் சேமிக்கலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று, ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. தரவுத்தளத்துக்கு இரண்டும் வேறு. யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கத்தைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் செய்துவிட்டால் இவை ஒன்றாகிவிடும். ஆனால் ‘கௌரி’யை ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமுமாகத் தட்டச்சு செய்திருந்தால், இயல்பாக்கம் உதவாது. அதற்குத் தனி விதி எழுதி, மாற்றும் முன் மனிதர் ஒருவர் பார்ப்பது நல்லது.

கடைசிப் பெயர் பற்றிய புகார் முற்றிலும் நியாயமானது. தமிழ்நாட்டில் சாதிப் பெயரை விட்டொழித்து, தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னெழுத்தாக வைத்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது. அது தற்செயலாக விடுபட்ட தகவல் அல்ல. அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கினால், ஒருவர் முன்னெழுத்தை இடுவார், இன்னொருவர் தந்தை பெயரை இடுவார், மூன்றாமவர் தன் பெயரையே இருமுறை இடுவார். பிறகு வங்கிக் கணக்கோடும் பான் அட்டையோடும் பொருந்தாது. முழுப் பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள். பிரித்துக் கேட்கும் வெளிச் சேவைகளுக்காக மட்டும் விருப்பக் கட்டங்கள் இருக்கட்டும்.

தினமும் இரவு ‘பேக்கப் வெற்றி’ என்று மின்னஞ்சல் வருகிறது. அது போதும்தானே?
– வாசகர், மாரத்தஹள்ளி

போதாது. 2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணைச் சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிபி போனது. பேக்கப்பைத் தேடியபோது, பதிப்புப் பொருத்தமின்மையால் அது தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது; தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் முறையாகக் கையொப்பமிடப்படாததால் பெறும் பக்கம் அவற்றை நிராகரித்திருந்தது. வேறொரு தேவைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல் தற்செயலாக இருந்ததால் அவர்கள் தப்பித்தார்கள். இவ்வளவையும் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதி வைத்தது. துறைக்கே அது பெரிய உதவி.

மாதம் ஒருமுறை, பேக்கப்பிலிருந்து ஒரு வெற்று சர்வரில் தரவுத்தளத்தை மீட்டெடுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். நேற்றைய இன்வாய்ஸ் எண்ணிக்கை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நகலாவது, உங்கள் வழக்கமான நிர்வாகிக் கடவுச்சொல்லால் அழிக்க முடியாத வேறொரு கணக்கில் இருக்க வேண்டும். லாகுகளையும் மறக்க வேண்டாம்: கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இந்திய அரசின் சர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி அவற்றை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பட்டியலிட்ட வகைப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும்.

இணையத்தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழைப் புதுப்பிக்க ஆண்டுக்கு ஒருமுறை நாட்காட்டியில் குறித்துவைக்கிறோம். இனி அது செல்லாது என்கிறார்களே?
– வாசகர், எச்எஸ்ஆர் லேஅவுட்

உண்மைதான். 398 நாளாக இருந்த சான்றிதழின் உச்சச் செல்லுபடிக் காலம், 2025 ஏப்ரலில் சான்றிதழ் வழங்குநர்களும் உலாவி நிறுவனங்களும் எடுத்த முடிவின்படி, 2026 மார்ச் 15 முதல் 200 நாளாகவும், 2027 மார்ச் 15 முதல் 100 நாளாகவும், 2029 மார்ச் 15 முதல் 47 நாளாகவும் குறைக்கப்படுகிறது. கையால் புதுப்பிக்கும் வழக்கத்தை இப்போதே கைவிட்டு, ஆக்மி நெறிமுறை வழியாகத் தானாகப் புதுப்பிக்கும்படி அமையுங்கள். அலுவலக உள்வலையில் மட்டும் ஓடும் சர்வர்களும், சான்றிதழைக் கோப்பாக ஏற்றும் பழைய லோட் பேலன்சர்களும்தான் (சர்வர்களுக்கிடையே கோரிக்கைகளைப் பங்கிடுபவை) பொதுவாகப் பட்டியலிலிருந்து தப்பிவிடுகின்றன. அவற்றை முதலில் எழுதுங்கள்.

வேலையில் சேர்ந்து ஓராண்டாகிறது. மூன்று வார கேடி (பணி அறிவு ஒப்படைப்பு) முடித்து ஒரு பழைய மென்பொருளை என்னிடம் ஒப்படைத்துவிட்டு மூத்தவர் விலகிவிட்டார். நண்பர்கள் புதிய திட்டங்களில் இருக்கும்போது நான் பராமரிப்பில் மாட்டிக்கொண்டேனோ என்று மனம் சோர்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, அல்சூர்

சோர்வு வேண்டாம், அம்மா. புதிய திட்டத்தில் இருப்பவர் தன் முடிவு சரியா என்று அறிய ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்; ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த முடிவின் விளைவு உங்கள் கண்முன் இருக்கிறது. நான் மதிக்கும் வடிவமைப்பாளர்கள் பலர் பராமரிப்பில் தேர்ந்து வந்தவர்களே.

நிரலை முதல் கோப்பிலிருந்து படிக்காதீர்கள். பயனர்கள் அதிகம் செய்யும் ஒரு செயலை எடுத்துக்கொண்டு, திரையின் பொத்தானிலிருந்து தரவுத்தளத்தின் அட்டவணை வரை அது போகும் வழியை நீங்களே நடந்து பார்த்து, ஒரு தாளில் வரையுங்கள். அடுத்து, இரவில் தானாக ஓடும் வேலைகள் அனைத்தையும் பட்டியலிடுங்கள். எப்போது ஓடும், எவ்வளவு நேரமாகும், தோற்றால் யாருக்குத் தெரியும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். ‘யாருக்கும் தெரியாது’ என்று எழுத வேண்டி வருகிற ஒவ்வொரு வரியும் உங்களுக்கு ஒரு வேலை.

பயன்படாத நிரல் என்று தெரிந்தால் அதை விட்டுவைக்க வேண்டாம். நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று ஏறத்தாழ 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய நிரல் போய்ச் சேரவில்லை; பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் அதில் இருந்தது; அதை முடுக்கிய பழைய குறியையே புதிய வசதிக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். ஆனால் நீக்கும் முன், அது உண்மையில் அழைக்கப்படுகிறதா என்று லாகில் ஒரு வரி எழுதவைத்து, ஒரு காலாண்டு முடிவையும் ஒரு நிதியாண்டு முடிவையும் கடக்க விடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் நிரல்கள் கணக்குத் துறையில் உண்டு.

விலகிய மூத்தவர் ஊரிலேயே இருந்தால், ஒரு மாதம் கழித்துச் சந்திக்க நேரம் கேளுங்கள். கேடி நாள்களில் என்ன கேட்பது என்றே உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு மாத இறுதியைத் தனியாகக் கடந்த பிறகு தெரியும்.